‘வா’ என்றால் போ

சுயவிபரக் கோவையில் ஒரு பொய்கூட எழுதாதவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். நான் எழுதினேன். ஒரே ஒரு வரி: “பிரெஞ்சு சரளமாகப் பேசுவேன்.”

பாரிஸில் நான்கு வருடம் இருந்தவன் வேறு எப்படி எழுதுவான்? (அந்த நான்கு வருடமும் மாமாவின் பலசரக்குக் கடையில் நம்மவர்களுக்கு முருங்கைக்காய் நிறுத்துக் கொடுத்தேன் என்பதை அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா?) நேர்முகத்தில் ‘பொன்ஜூர்’ என்றேன். மேனேஜர் லிண்டாவும் ‘பொன்ஜூர்’ என்றார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும் போலிருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது.

கனடாவின் ஸ்காபரோவில், அடையாள அட்டைகள் புதுப்பிக்கும் அலுவலகம் அது. என் தலைக்கு மேலே ‘இங்கே பிரெஞ்சில் சேவை’ என்று ஒரு போர்ட். மூன்று மாதம் தாக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். தமிழில் வந்தார்கள், உருதுவில் வந்தார்கள். பிரெஞ்சில் ஒரு குஞ்சுகூட வரவில்லை. இன்னும் நாலே நாள். மனைவி கேக்குக்குச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் சிவப்புக் கோட் போட்ட ஒரு முதிய பெண்மணி வந்தார். இரண்டு கவுண்டர்கள் காலியாக இருந்தும் போர்டைப் பார்த்து நேரே என்னிடம் வந்து, மூச்சு விடாமல் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ‘பொன்ஜூர்’ என்றேன். அவர் நிறுத்தி நிதானமாக இன்னொருமுறை கேட்டார். ‘மெர்சி’ என்றேன். கைவசம் இருந்த சரக்கு அத்தோடு தீர்ந்தது.

நல்லவேளை, அவருக்குப் பின்னால் ஃபைல் அறையில் வேலை செய்யும் கமலன் ஒரு பெட்டியோடு போய்க்கொண்டிருந்தான். மொன்றியலில் வளர்ந்தவன், பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு. ஆனால் விண்ணப்பத்தில் அதை எழுதவில்லை. (“எழுதினா போர்டுக்குக் கீழ இருத்திப் போடுவாங்கள், அண்ணை.”) நான் கையை உயர்த்தி, நம்முடைய வழக்கப்படி உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை ஆட்டினேன்.

“வா, வா! கெதியா வா!”

பெண்மணி ஓர் அடி பின்வாங்கினார். பிறகு போட்டாரே ஒரு சத்தம், அலுவலகமே திரும்பிப் பார்த்தது. லிண்டாவும்தான்.

கமலன் ஓடிவந்து அவர் சொன்னதைக் கேட்டான்.

“அண்ணை, பிரெஞ்சில ‘வா’ எண்டால் ‘போ’. கையாலயும் துரத்தியிருக்கிறியள். நாலு வருசம் பாரிஸில இருந்தனியள், இது தெரியாதோ?”

“நான் உன்னையெல்லோ கூப்பிட்டனான்! உவவுக்கு இங்கிலீஷ் தெரியாதோ?”

“என்னைவிட நல்லாத் தெரியுமாம். பிறந்ததே இந்த ஒன்ராரியோவிலதானாம். தன்ர பாஷையில கேக்கத் தனக்கு உரிமை இருக்காம். இது மூண்டாவது ஒபிஸாம். எல்லா இடமும் போர்ட் மட்டும்தான் பிரெஞ்சு கதைக்குதாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல, அவர் சொன்னது சரியாக இருந்ததன் மேல்.

கமலன் தமிழ் ‘வா’வை அவருக்கு விளக்கினான். அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டில பிள்ளையளோட இந்தப் பாஷையிலதான் கதைக்கிறியளோ எண்டு கேக்கிறா.”

“ஓம் எண்டு சொல்லு.”

கமலனுக்கு என் மகள் அபியைத் தெரியும், அவளுடைய தமிழையும் தெரியும். அவன் ஏதோ சொன்னான். பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்னடா சொன்னனி?”

“வீட்டிலயும் போர்ட் மட்டும்தான் எண்டு சொன்னன்.”

துரோகி!

என் வேலை பிழைத்தது, ஃபைல் அறைக்குள். கமலன் போர்டுக்குக் கீழே. அவன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசாமல் இருக்க வேண்டியவன் நானல்லவா?

அந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். இன்றைக்கும் விருந்தாளிகள் புறப்படும்போது, ஊர் வழக்கப்படி, “அப்ப நாங்கள் வாறம்” என்பார்கள். உடனே அபி மாடியிலிருந்து கத்துவாள்: “பாத்தியளா அப்பா, இவையளும் பிரெஞ்சுதான் கதைக்கினம்!”

பன்னிரண்டு வயதில் அவள் பிழையில்லாமல் பேசும் ஒரே தமிழ் வசனம் அதுதான். அதுவும் என்னை நக்கலடிக்க.