பொம்மை நோயாளிக்கு நூற்றுப்பத்து வயது

என் தம்பி பெற்ற செல்வத்துக்கு அத்தை எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். உன் நலமும் உன் பொறுமையின் நலமும் அறிய ஆவல்.

நீ வடிவமைத்த மானிட்டரைச் சோதிக்க, ஓய்வுபெற்ற நர்ஸான என்னை மறுபடியும் மூளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்தாய். நான் கையெழுத்திட்டால்தான் அது நிஜ நோயாளியிடம் போகுமாம். போட மாட்டேன். நோயாளிக்குப் பதில் ஒரு பயிற்சிப் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள், அதன் தலைக்குள் அழுத்தம் ஏறியதும் உன் திரை சிவந்தது, எங்கள் காலத்து மானிட்டர் மக்கர் செய்தால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவோம், அதே பழக்கத்தில் தட்டினேன், உன்னுடையதற்குப் பக்கமே இல்லை, எங்கே தட்டினாலும் தொடுதிரைதான், முதல் தட்டில் பொம்மைக்கு நூற்றுப்பத்து வயது, இரண்டாம் தட்டில் எழுத்தெல்லாம் வேறு பாஷை, மூன்றாவதில் பொம்மை டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. "சிஸ்டர், முப்பது வருஷத்துல நீங்க யாரையும் இவ்ளோ சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினதில்லையே" என்றார் பெரிய டாக்டர். என் மானம் கப்பலேறியது.

எங்களுக்குத் தலைக்குள் அழுத்தத்துக்கு ஒரு பெட்டி, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. நாலையும் பார்த்து, கட்டம் போட்ட தாளில் மணிக்கொரு புள்ளி வைத்துப் பென்சிலால் இணைப்போம். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால் ஓரத்தில் 'திருப்பினோம்' என்று எழுதுவோம், இல்லையென்றால் திருப்பியதால் வந்த ஏற்றத்தைப் பார்த்து டாக்டர் பதறிவிடுவார். என்னோடு வேலை பார்த்த சிஸ்டர், நாங்கள் குண்டூசி என்று கூப்பிடுவோமே, அவள் புள்ளி வைக்கும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வாள். ஆறிப்போன தேநீரை இருவரும் பங்கு போட்டுக் குடித்த நாட்கள் இனி வருமா? ஏங்கிப் போகிறேன். உன் திரையில் நாலும் ஒரே இடத்தில் நிற்கின்றன, பன்னிரண்டு மணி நேரத்துக் கோடும் தானாகவே வருகிறது. எங்களுக்கு என்ன மிச்சம்?

"அத்தை, உங்க வேலையைக் குறைக்கத்தானே செஞ்சேன்" என்றாய். அதில்தான் எனக்குக் கோபமே வந்தது.

உன் கை பட்டதெல்லாம் துலங்கட்டும். உன் மனைவிக்கு என் ஆசி, குழந்தைக்கு முத்தம்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத அத்தை

பி.கு.: போட்டுவிட்டேன். படிவம் இதோடு இருக்கிறது. இதை எழுதி முடித்த கையோடு குண்டூசிக்குப் போன் செய்து உன்னைக் குறை சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏழாம் படுக்கை ஞாபகம் இருக்கா?" என்றாள். இருக்கிறது. அன்று நான் மூன்று பெட்டிகளைத்தான் பார்த்தேன். நாலாவதைப் பார்த்தபோது அந்த நோயாளியைக் காப்பாற்றும் நேரம் கடந்திருந்தது. அவருடைய மனைவி மாற்றுச் சட்டையோடு வெளியே உட்கார்ந்திருந்தார். 'திருப்பினோம்' என்பதற்கு மட்டும் ஒரு பொத்தான் வைத்துவிட்டு, சீக்கிரம் கொண்டுபோய் மாட்டு.