ரோஸ் கலர் மண்வாரி

"அத்தான், வேணாம். கம்பெனிக்காரன் அந்த வழுக்கல் கட்டுப்பாட்டைச் சும்மாவா வெச்சிருக்கான்?" என்றான் டுவேன்.

"பயந்தாங்கொள்ளிங்களுக்காக வெச்சிருக்கான் மாப்ள. வழுக்குனா அதுவே பிரேக் பிடிச்சு வண்டியை நேராக்கிடும். அப்புறம் பனியில ஓட்டுறதுல என்ன ருசி?"

வெர்லின், நெளிந்த கோடுகள் போட்ட பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ட்ரக் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. லூதரன் சர்ச்சின் வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் புதுப்பனி. ஐம்பத்தாறு வயது மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஸ்டியரிங்கை ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ட்ரக் பம்பரமாய்ச் சுழலும் என்று பார்த்தால், கல்யாண ஊர்வலம்போல நிதானமாகத் திரும்பியது.

"சுத்தவே மாட்டேங்குதே?"

"வேகம் பத்தலடா."

வேகத்தைக் கூட்டினார். ட்ரக் விறுவிறுவென்று போய் சாலையோரப் பள்ளத்தில் மூக்கைச் செருகியது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. டுவேனுக்குப் பல் கிட்டியது. வெர்லினுக்கோ வேர்த்துக் கொட்டியது. கோட்டைக் கழற்றிப் பின்னால் வீசினார்.

"மண்வாரிடா மாப்ள! மானமே போச்சு!"

அந்த ஊரில், பனியில் வண்டியைப் பள்ளத்தில் விட்டவர் வீட்டு வாசலில் ரோஸ் கலர் மண்வாரி ஒன்று தொங்கும். அடுத்தவர் விழும்வரை அங்கேதான். இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது, விதிகளை எழுதியது, பெயின்ட் அடித்தது எல்லாம் வெர்லின்தான். பதினோரு வருஷத்தில் அவர் வீட்டுக்கு அது ஒரே ஒரு தடவை வந்தது, போன குளிர்காலத்தில், மனைவி மார்லிஸ் பெயரில். மனிதர் சும்மா இருந்தாரா? மண்வாரியோடு அவளை நிற்கவைத்துப் படம் எடுத்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் போட்டு எல்லா உறவுக்காரர்களுக்கும் அனுப்பினார்.

"யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துடணும்," என்று கால்மிதியை உருவிச் சக்கரத்துக்கடியில் திணித்தார். உள்ளே ஏறி மிதித்தார். கால்மிதி பறந்து போய் சர்ச் கதவில் மோதியது. ட்ரக் இன்னும் ஒரு அடி இறங்கியது.

டுவேன் ஓடிப்போய்த் தன் பழைய ட்ரக்கைக் கொண்டுவந்து பட்டையைக் கட்டி இழுத்தான். புது பம்பர் மட்டும் வந்தது. அது வந்த வேகத்தில் பழைய ட்ரக் வழுக்கிச் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? இனி ஒரு வண்டி போக முடியுமா?"

"உங்களுக்கு உதவ வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

கடைசியில் இழுவை வண்டிக்காரி லவானுக்கு போன் போட்டார். "கொஞ்சம் சத்தமில்லாம வாம்மா."

லவான் ஆரஞ்சு விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு வந்தாள். அன்று மத்தியானம் சர்ச்சில் லூட்டஃபிஸ்க் மீன் விருந்து. வந்தவர்களெல்லாம் டுவேனின் வண்டியைத் தாண்ட முடியாமல் இறங்கி, வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாத்திரத்தோடு வந்த மார்லிஸ், அதைத் தம்பி டுவேன் கையில் கொடுத்துவிட்டு, கடைசியாகப் பள்ளத்தில் விழுந்த பாஸ்டரின் வீட்டு வாசலுக்கு நேரே போனாள். திரும்பி வரும்போது தோளில் மண்வாரி.

"பிடிங்க. சிரிங்க. இந்த வருஷ அட்டைக்குப் படம் எடுக்கணும்."

"இரு இரு! மூணாவது விதி என்ன? ஓட்டத் தெரியாம விழுந்தவங்களுக்குத்தான் மண்வாரி. நான் தமாஷுக்கு வழுக்கல் கட்டுப்பாட்டை நானே அணைச்சேன். அது இருந்திருந்தா இந்த வண்டி விழுந்தே இருக்காது. கேளு உன் தம்பியை!"

"பட்டனை அமுக்கினாருக்கா. நான் பாத்தேன்," என்றான் டுவேன்.

"விதின்னா விதிதான்," என்று பாஸ்டர் பரிதாபமாகச் சொன்னார். மண்வாரி தன் வீட்டுக்கே திரும்பப்போகிறது என்ற வருத்தம் அவருக்கு. மார்லிஸின் கை தாழ்ந்தது. அழுகையே வந்துவிடும்போல இருந்தது அவளுக்கு. வெர்லின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

ஸ்டியரிங்கைத் திருப்ப ட்ரக்குக்குள் ஏறி உட்கார்ந்த லவான், ஐயோவென்று துள்ளி எழுந்து பின்பக்கத்தைத் தடவிக்கொண்டாள்.

"வெர்லின் அண்ணே, உங்க கட்டுப்பாடு நல்லாத்தான் வேலை செஞ்சுட்டிருக்கு. நீங்க அமுக்கினது ஸீட்டைச் சூடாக்குற பட்டன்!"