இருமலுக்கு முறை வைத்த கதை

வாசகரே, இன்று உங்களுக்கு அபூர்வ நோய்க்காரர் என்னும் இனத்தைக் காட்டப்போகிறேன். கைக்குட்டை அருகில் இருக்கட்டும். இவர் நம்மைப்போல் சளி, காய்ச்சல் என்று தாழ்ந்துபோக மாட்டார். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் முறைப்பார். அவமானம் அல்லவா?

ஏரிக்கரை ஊரான தோணிரேவின் மீனவர் வீரராகவன் இவ்வினத்தின் திலகம். மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர் தேவகி, இவர் நுரையீரல் தேங்காய் நாராக இறுகி வருவதைக் கண்டு, "லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இது வரும்" என்றாரோ இல்லையோ, மனிதர் எக்ஸ்ரே படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி மாலையும் போட்டுவிட்டார்.

"இது ஏன் இறுகுதுன்னு புரிஞ்சா, சாதாரண இளைப்புக்கும் புது மருந்து செய்யலாம். ஆனா ஒரே ஆளை வச்சு மருந்தைச் சோதிக்க முடியாது. இன்னொருத்தர் கிடைக்கலேன்னா ஆராய்ச்சியை மூடிடுவாங்க" என்றார் டாக்டர்.

இன்னொருவன் இருந்தான். பங்காளி கேசவன். அதே இருமல், அதே இளைப்பு. வீரராகவன் மகிழ்ந்தாரா? துடித்தார்! ஏரியில் இன்றைக்கு இன்னார்தான் வலை கட்டலாம் என்று 'பாடு' முறை வைத்திருக்கிறார்களே, அதைப் பிடித்துக்கொண்டு பஞ்சாயத்துக்கே போய்விட்டார்.

"இந்த நோவு என்னோட பாடு. இதுல இவன் எப்படி இருமலாம்?"

பஞ்சாயத்து வெற்றிலை மென்று தீர்ப்பளித்தது: டாக்டரம்மா வரும் நாள் வீரராகவன் முறை, மற்ற நாளெல்லாம் கேசவன் இருமிக்கொள்ளலாம்.

டாக்டர் மறுபடி வந்தார். கேசவன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு, கண் பிதுங்க நின்றான்.

"வேற யாருமே இல்லியா?"

"என்னைப்போல இன்னொருத்தன் பொறக்கணும்மா."

டாக்டர் பெட்டியை மூடிப் படகேறினார். வீரராகவனின் மனைவி குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"படுக்க முடியாம உக்காந்துனே தூங்குற. அந்த மருந்து வராட்டி நீ பொழைப்பியா? மூச்சுக்கு இன்னாய்யா முறை?"

அப்போதுதான் வீரராகவனுக்கு உறைத்தது. கரைக்கு ஓடினார். கூப்பிட வாயைத் திறந்தால் மூச்சில்லை. வாயில் துண்டோடு பின்னாலேயே வந்த கேசவனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இருமுடா... கேசவா... என் முறைய... நீ எடுத்துக்கடா!"

துண்டு தெறித்தது. கேசவன் இருமிய இருமலில் நாரைகள் கூட்டமாக எழுந்து பறந்தன. படகு திரும்பியது.

கேசவன் நெஞ்சில் குழாயை வைத்ததும் டாக்டரின் முகம் மலர்ந்தது. கண்ணீர் மல்க நின்ற வீரராகவன் மெல்லக் குனிந்தார்.

"இவனை ரெண்டாவது ஆளுன்னு எழுதிக்கங்கம்மா. சின்ன எழுத்துல."

சிரிக்கிறீர்களா? நேற்று பக்கத்து வீட்டுக்காரர் முதுகு வலி என்றதும், "இதெல்லாம் ஒரு வலியா? என் வலியைக் கேளுங்க" என்று ஆரம்பித்தீர்களே, அது யாருடைய முறை?