கைப்பையில் வந்த டம்ளர்

பேனா எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்ட ஈவ்லினுக்கு எவர்சில்வர் டம்ளர்தான் அகப்பட்டது. போன வாரம் ஒரு கரண்டி. அதற்கு முன்னால் டீ வடிகட்டி. எதுவுமே அவள் வீட்டுச் சாமான் இல்லை.

மைசூரில் திருட்டுப் பழக்கத்துக்கு ஆலோசனை என்றால் ஈவ்லின்தான். முனைவர் பட்ட ஆய்வும் அதில்தான். சனிக்கிழமை கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். கவிழ்ந்தால் பட்டமும் போச்சு. கட்டுரையின் நாயகர் மதலைமுத்து. கைநிறையச் சம்பளம் வாங்கியும், கல்யாண வீடு, ஓட்டல் என்று போன இடமெல்லாம் ஸ்பூனைச் சுருட்டியவர்.

"எப்படித் திருட்டுத்தனமா எடுத்தீங்களோ, அப்படியே திருட்டுத்தனமா திருப்பி வைங்க சார். கை தானா அடங்கும்" என்று சொல்லியிருந்தாள். மனிதர் அட்சரம் பிசகாமல் செய்தார். இப்போது வாராவாரம் மலர்ந்த முகத்தோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

அவரை விட்ட வியாதி தன்னைப் பிடித்துக்கொண்டதோ? ஆனாலும் அசருகிற ஆளா அவள்? மருந்துதான் கைவசம் இருக்கிறதே. டம்ளர் தினமும் சாப்பிடுகிற மெஸ்ஸினுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, மத்தியானக் கூட்டத்தில் நைசாக அடுக்கில் செருகினாள்.

பின்னாலேயே மெஸ்காரர் சென்னப்பன் நின்றிருந்தார். "டம்ளரெல்லாம் எங்க போகுதுன்னு பார்த்தேன். நீங்கதானா மேடம்? பர்வாகில்ல, வச்சிட்டுப் போங்க" என்றார் கன்னடம் கலந்து, பெரிய மனதோடு.

மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதில் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர், அவளுடைய ஆய்வு வழிகாட்டி பாக்கியலட்சுமி.

வெள்ளிக்கிழமை, மதலைமுத்து வந்து போன கையோடு பாக்கியலட்சுமியே ஈவ்லினின் அறைக்கு வந்துவிட்டார். கட்டுரையை நிறுத்திவைக்கலாம், முதலில் நீ யாரிடமாவது ஆலோசனைக்குப் போ என்றார். ஈவ்லினுக்கு அழுகையும் ரோஷமும் சேர்ந்து வந்தன. "நான் திருடியில்ல மேடம், நீங்களே பாருங்க" என்று கைப்பையை மேஜைமேல் கொட்டினாள்.

சாவி, சீப்பு, பர்ஸ். கடைசியாக ஒரு குக்கர் வெயிட் உருண்டு வந்து பாக்கியலட்சுமியின் முன்னால் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள் மதலைமுத்துவின் மனைவி மோலி.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம், அவர் இப்ப எங்கயும் எதையும் எடுக்கறதில்ல. திருப்பி வைக்கத்தான் சாமான் தீர்ந்துபோச்சு, எங்க வீட்டுச் சாமானையே எடுத்து அடுத்தவங்க பையில வச்சிட்டு வர்றார். அந்த வெயிட்டை மட்டும் குடுத்திடுங்க, அடுப்புல அரிசி இருக்கு."