நீதவானும் என் தலைப்பாகையும்

எங்கள் தீவுகளில் எந்த எஞ்சினும் தானாகப் பழுதானதாகச் சரித்திரமே இல்லை. நீதவான் அப்படித்தான் சொல்வார். அவர் நீதிமன்றத்து வாசலைக்கூடக் கண்டதில்லை. நெடுந்தீவில் வள்ள எஞ்சின்கள் திருத்துகிறவர்; நீதவான் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். எஞ்சினைத் தொடுவதற்கு முன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து விசாரணை நடத்துவார். குற்றவாளி ஒப்புக்கொள்ளும்வரை ஸ்பானரும் குறடும் கிடக்கிற ஆயுதப்பெட்டி திறக்காது. ஒருமுறை எஞ்சினைக் கடல்தண்ணீரால் கழுவிய ஒருவர் மத்தியானம்வரை தாக்குப்பிடித்துவிட்டு, கடைசியில், கேட்காமலேயே, பக்கத்து வீட்டு ஆட்டுக்கிடாய் விஷயத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

தன் பிழை என்று மட்டும் அவர் சொன்னதேயில்லை. சுத்தியலால் தன் விரலில் போட்டுக்கொண்ட அன்றும், சுத்தியலை எடுத்துக் கொடுத்தவரைத்தான் விசாரித்தார்.

இந்த மனிதர்தான் என் கலியாணத்துக்கு வள்ளம் ஓட்டினார். பெண் வீடு நயினாதீவு. தாலி கட்டும் நேரம் பத்தரைக்குள். வள்ளத்தில் இருந்தது பழைய பெற்றோல் எஞ்சின். பாதிக் கடலில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

நீதவான் மூடியைத் திறந்து, தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"தோசைக்கல்லு மாதிரிச் சுடுது. எஞ்சின் ஓடாமல் நிக்கேக்க ஆரோ திறப்பைப் போட்டு விட்டிருக்கினம், அதிலை கொயில் பழுதாப் போச்சு. ஆர் அது?"

நான் கடலைப் பார்த்தேன். விடியற்காலையில் வள்ளத்துக்கு வந்து, எஞ்சின் திறப்பைச் சாவித்துளையில் போட்டுத் திருப்பி, என் போனுக்கு ஒரு மணித்தியாலம் சார்ஜ் ஏற்றியது நான்தான். பெண்ணோடு பேசிப் பேசி போன் செத்திருந்தது. ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் திறப்பைப் பழையபடி திருப்பிவிட்டு நல்லபிள்ளையாகிவிட்டேன்.

"அண்ணை, விசாரணையைப் பிறகு வையுங்கோவன். நேரம் போகுது!" என்று அவசரப்படுத்தினேன்.

அவர் வள்ளத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் பார்வை கொஞ்சம் தங்கியது. பிறகு, அதிசயமாக, குற்றவாளி கிடைக்காமலேயே ஆயுதப்பெட்டியைத் திறந்தார்.

எஞ்சினோடு ஒட்டியிருந்த கொயிலைக் கழற்றி, வயரை நீட்டி, காற்றுப் படுகிற பலகையில் கட்டினார்.

"தம்பி, உம்மட தலைப்பாவைத் தாரும்."

"அண்ணை, அது பட்டு!"

"அப்ப நீந்திப் போறீரோ?"

கொடுத்தேன். அதை வாங்கிக் கடலில் நனைக்கப் போன ஒருவரை நீதவான் தடுத்து, "உப்புத்தண்ணி ஏலாது" என்று குடிக்கிற தண்ணீரில் நனைத்து, வயர் பூட்டிய முனையில் படாமல் கொயிலைச் சுற்றினார். பிறகு கலியாணக் கார்டு ஒன்றை என் கையில் தந்தார்.

"நீர்தான் விசுக்க வேணும்."

பட்டுவேட்டியோடு குந்தியிருந்து, நயினாதீவு வரைக்கும் அந்தக் கொயிலுக்கு விசிறினேன். வழியில் எஞ்சின் இன்னும் இரண்டு தரம் நின்று, ஆறி, ஓடியது.

இறங்குதுறையில் பெண்ணின் தகப்பனான மாமா நெருப்பாக நின்றார். பத்தரைக்குக் கால் மணித்தியாலம்தான் இருந்தது. மாப்பிள்ளையின் தலையில் ஒன்றுமில்லை.

"இது ஆற்ற பிழை?"

நீதவான் எனக்கு முன்னால் வந்தார்.

"என்ர பிழைதான் ஐயா. எஞ்சினைச் சரியாப் பாக்காமல் எடுத்திட்டன்."

வள்ளத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாமாவின் சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, நேரத்துக்குள் தாலியைக் கட்டிவிட்டேன்.

அடுத்த கிழமை பலகாரத்தோடு போய் ஒப்புக்கொண்டேன். "அண்ணை, அண்டைக்கு அது நான்தான்."

அவர் பயத்தம் பணியாரத்தைக் கடித்தபடி, என் சார்ஜர் வயரை ஆயுதப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். "அப்பவே தெரியும். எஞ்சின் பெட்டியிலேயே விட்டிட்டெல்லோ போனனீர். அதுதானே விசுக்க விட்டனான்."

என் மனைவிக்கு இந்த விஷயம் இதை வாசிக்கும்போதுதான் தெரியவரும். அவள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் தலைவணங்குவேன். ஆனால் அன்றைக்கு எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்க்காக, நீதவானை என் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைத்திருக்கிறேன்.