யூபோனியம்காரர் திரும்பி வந்த வழி

“யூபோனியத்தாரிடம் மீண்டும் கேட்டேன். முன்னைவிடக் குழப்பம் அதிகம்.” என் டைரியில் ஒரு புரட்டாசி வியாழக்கிழமைக்கு நேரே இருக்கும் குறிப்பு இது. வாடிப்பட்டியில் எந்த வீட்டுக்கு எப்போது மின்சாரம் வந்தது என்று கேளுங்கள், கிழமையோடு சொல்வேன். அப்பேர்ப்பட்ட என்னை, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இந்த அளவுக்குக் குழப்பிய மனிதர் வேறு எவரும் இல்லை.

ராணுவ பேண்டில் யூபோனியம் வாசித்து ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்கு வந்தவர் அவர். வாத்தியத்தின் பெயரே அவர் பெயராகி, சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. யூபோனியம் என்பது கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டிய, வாய் வானத்தைப் பார்த்த ஒரு பித்தளை வாத்தியம். மனிதக் குரல் மாதிரி அது பாடும் என்பார். அதில் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசித்திருப்பதாகவும் சொல்வார். அவருடைய பட்டாள வாழ்க்கையை வரிசையாக எழுதிவிட வேண்டும் என்று நான் உட்கார்ந்ததில்தான் வினை ஆரம்பித்தது.

“அண்ணே, தனியா வாசிச்சீங்களா, பேண்டோட வாசிச்சீங்களா?”

“பேண்டோடதான் தம்பி.”

“அப்ப சோலோ?”

“பேண்டு நிப்பாட்டும். நான் ஒரு அடி முன்னால வருவேன். வாசிப்பேன். பின்னால போயிருவேன்.”

“அது எந்த வருசம்?”

“நல்ல குளிரு.”

“எந்த ஊரு?”

“அதான் சொல்றேன்ல, குளிருன்னு.”

மறுநாள் கேட்டால், எல்லையில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிய கதை வரும். சண்டைக் காலத்தில் பேண்டுக்காரர்களுக்கு அதுதான் வேலையாம். நான் அதை எழுதி முடிப்பதற்குள் ஏதோ ஒரு ஜெனரலின் மகள் கல்யாணத்துக்குப் போய்விடுவார்.

அவர் மனைவி பஞ்சவர்ணத்தக்காவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கணவர் பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க மாமியாரோடு வாடிப்பட்டியிலேயே இருந்தவர் அவர். “ஸ்ட்ரெச்சரு தூக்குனது நெசம்ப்பா. தோள்ல தழும்பு கெடக்கு. மத்ததெல்லாம் இவுக அவுத்து விடுறது. நம்ம வீட்டுல ஒரு நா வாசிச்சிருப்பாகளா?”

“கமாண்ட் இல்லாம வாசிக்கப்படாது” என்பார் இவர்.

“அம்புட்டுதானே, நான் சொல்றேன், வாசிங்க.”

“நீ பேண்டு மாஸ்டரா?”

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அக்கா உள்ளே போனதும் அவர் முகம் வாடிவிடும். “ஊரு நம்பாட்டிப் போகுது தம்பி. கட்டுனவ நம்பணும்ல” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கும் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

நம்ப வைக்க ஒரு வாய்ப்பு வந்தது. பரவையிலிருந்து வந்த பேண்டு செட் ஒன்று, மாப்பிள்ளை அழைப்புக்கு இவரையும் சேர்த்துக்கொண்டது. ஊர்வலம் கிளம்பியது. பட்டாளத்து நடை எங்கே, நம்மூர் மாப்பிள்ளைக் கார் எங்கே? முனைக்கு முனை இளவட்டங்கள் ஆட, கார் எறும்பாக ஊர்ந்தது. பேண்டு செட்டும் காரோடு நின்றது. இவர் மட்டும் நேர்ப்பார்வையாக வாசித்துக்கொண்டே போய் மண்டபத்து வாசலில் ஹால்ட் அடித்து நின்றார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் குழம்பி, யூபோனியத்துக்கே ஒரு சுற்று சுற்றிவிட்டார்கள். மதுரைக்குப் போயிருந்த அக்காவுக்குக் கதை மட்டும் வந்து சேர்ந்தது. “கடேசில தனியா வாசிச்சிட்டாகளாம்ல” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். இவர் இரண்டு நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு சைக்கிள் கடை மாயாண்டி இறந்துபோனார். இவருக்கு உயிர் நண்பர். மகன் முத்துப்பாண்டி வந்து, “சித்தப்பா, அப்பாவுக்கு நீங்கதான் வாசிக்கணும்” என்றான். இவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு யூனிபார்ம் மாட்டினார். சுடுகாட்டுக்குப் போகும்போது வாசித்தது மெதுவான, கனத்த மெட்டு. உண்மையாகவே மனிதக் குரல்தான். ஆனால் ஒப்பாரிச் சத்தத்தில் பெண்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

காரியம் முடிந்து, பம்புசெட்டில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினோம். திடீரென்று இவர் முன்னால் போய் நின்று, துள்ளலான ஒரு மெட்டை எடுத்தார். கல்யாண வீடு தோற்றது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முத்துப்பாண்டி ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தான். “எங்கப்பன் போனது ஒனக்குச் சந்தோசமா இருக்கா?”

அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். “போறப்ப வாசிக்கிறது போனவனுக்கு மகனே. வர்றப்ப வாசிக்கிறது இருக்கிறவனுக்கு. பட்டாளத்துல அழுதுக்கிட்டே திரும்பக் கூடாது, நாளைக்கு டூட்டி இருக்கும்ல. எத்தன பேரத் தூக்கிட்டுப் போயி இப்பிடித் திரும்பியிருக்கேன். ஒங்கப்பனுக்கு மட்டும் கொறையா வச்சிரட்டா?”

முத்துப்பாண்டி அழுதான். பிடியை விட்டான். இவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பின்னால் நடந்த எங்களுக்கும் எப்போது கால்கள் ஒன்றாக விழ ஆரம்பித்தன என்று தெரியவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும், எங்களுக்கு முன்பே திரும்பிப் பந்தலில் உட்கார்ந்திருந்த மாயாண்டியின் பங்காளிகள் கம்போடு எழுந்தார்கள். குறுக்கே வந்து நின்றது பஞ்சவர்ணத்தக்கா. “யாரும் கிட்ட வராதீக. கட்டிக்கிட்டு வந்து இப்பத்தான் மொதமொதலா கேக்குறேன். முடிக்கட்டும்.”

முடித்தார். அக்கா கிட்டே போனார். முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார், தெருவே பார்த்துக்கொண்டிருக்க.

இருவரும் இப்போது திருமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அன்று திரும்பும்போது வாசித்தது என்ன மெட்டு என்று போன வாரம் போனில் கேட்டேன். ரெஜிமெண்ட் மார்ச் என்றார் அவர். போனைப் பிடுங்கிய அக்கா, தன் கல்யாணத்தில் தாலி கட்டியதும் நாயனக்காரர் வாசித்தது அது என்றார். இரண்டில் எது சரி என்று இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை. முதல் முறையாக, எனக்கு அவசரமும் இல்லை.