முதலையின் மனைவியை எடுத்துவிட்டால் ஒரு கலர் மிச்சம்

ராயபுரம், திருப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சென்னியப்பன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரங்காத்தாளின் வீட்டுக்காரன் ஆறுச்சாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். பெருமாநல்லூரில் தாங்களும் அக்காவும் நலமாக இருக்கவும், தங்கள் போர்வெல்லில் தண்ணீர் கீழே போகாமல் இருக்கவும் மாரியம்மனை வேண்டுகிறேன். ரங்காத்தாளின் நலம் என்னைவிடத் தங்களுக்குத்தான் தெரியும், அவள் அங்கேதான் இருக்கிறாள். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. தாங்கள் எடுத்தால், பின்னால் நின்று அவள் சொல்வதைத் தாங்கள் திருப்பிச் சொல்கிறீர்கள். கடிதமாக இருந்தால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நடந்ததை அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். உள்ளது உள்ளபடி நான் சொல்கிறேன். நம் கம்பெனிக்குப் பெங்களூரு பிராண்டு ஒன்று குழந்தைகள் பனியன் ஆர்டர் கொடுத்தது. நெஞ்சில் கதைப் படம் அச்சடிக்க வேண்டும்: வடையைத் தூக்கிய காக்கா, பந்தயம் ஓடிய ஆமை, குரங்கோடு பழகிய முதலை. சாம்பிள் அனுப்பினோம். துணி சரி, தையல் சரி, சாயம் சரி என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு, படத்தில் இருப்பவர்களின் மனநிலை சரியா என்று பார்க்க ஒரு மனநல நிபுணர் வீடியோவில் வருவார் என்றார்கள். மச்சான், நான் இந்தத் தொழிலுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா என்றெல்லாம் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பனியனில் இருக்கும் காக்காவுக்கு மனசு சரியில்லையோ என்று யாரும் கேட்டதில்லை.

கம்பெனியில் அன்று கரண்ட் இல்லை என்பதால் நம் வீட்டு ஹாலிலேயே டி.வி.யில் அந்த மேடத்தை வரவழைத்தான் என் மகன் ரித்தீஷ். படம் வரைந்த பூபாலனும் வந்து உட்கார்ந்தான். முதலில் காக்கா. காக்காவுக்குத் தன் குரலைப் பற்றித் தாழ்வு மனப்பான்மையாம், சின்ன வயதில் யாரும் பாராட்டவில்லையாம், அதனால் யாரோ ஒருவர் பாடச் சொன்னதும் வாயில் இருந்ததைக் கோட்டை விட்டதாம். சரிங்க மேடம், ஏமாற்றியது நரியாச்சே என்றேன். "நரியும் பாவம் சார். நேரா கேட்டு வாங்குற சூழ்நிலையில அது வளரல" என்றார். அதாவது வடையைப் பறிகொடுத்த காக்காவுக்கு வைத்தியம், வடையைத் தின்ற நரிக்கு அனுதாபம். நம் ஊரில் சீட்டு நடத்திவிட்டு ஓடியவன் மட்டும் இந்த மேடத்தைப் பார்த்திருந்தால், ஏன் ஏமாந்தீர்கள் என்று நம்மை வரிசையில் உட்கார வைத்துக் கவுன்சிலிங் கொடுத்திருப்பார்.

அடுத்து ஆமை. ஆமைக்கு ஓய்வெடுக்கத் தெரியாத வியாதியாம். ஜெயித்த பிறகும் முகத்தில் சந்தோஷம் இல்லையே, பாருங்கள் என்றார். ஆமையின் முகத்தில் சந்தோஷத்தை எந்த இடத்தில் வரைவது என்று பூபாலன் தலையைச் சொறிந்தான். பாதி வழியில் தூங்கிய முயல்தான் எல்லோரையும்விட ஆரோக்கியமாம், உடம்பு கேட்டதை அது கொடுத்ததாம். ஆகவே இரண்டும் ஒரே மரத்தடியில் தூங்குவதுபோல் மாற்ற வேண்டும். அப்புறம் பந்தயம் எப்படி நடக்கும் என்று கேட்டதற்கு, "பந்தயம் எதுக்கு சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இதே பிராண்டுதான் அன்று காலையில், சரக்கு ஒரு நாள் தாமதமானாலும் ஆர்டர் ரத்து என்று மெயில் போட்டிருந்தது. ஆமைக்கு லீவு உண்டு, ஆறுச்சாமிக்குக் கிடையாது.

இதுவரைக்கும் நானும் ரித்தீஷும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தோம். பிறகு முதலை வந்தது. கதை தங்களுக்குத் தெரிந்ததுதான். முதலை தினமும் நாவல் மரத்தடிக்குப் போய், மரத்தில் இருக்கும் குரங்கு போடும் பழத்தைத் தின்றுகொண்டு பேசிக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும் மனைவி முதலை, அந்தக் குரங்கின் ஈரலைக் கொண்டு வா என்று கேட்கும். ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அந்த மனைவி ராட்சசி என்றுதான் சொல்லும். மேடம் என்ன சொன்னார் தெரியுமா? "அவங்க கேட்டது ஈரலே இல்லை சார். காலையில போற புருஷன் பொழுது சாயுற வரைக்கும் ஃப்ரெண்டோட உட்கார்ந்திருக்கார். வீட்டுக்கு வந்தாலும் அந்த ஃப்ரெண்டு பேச்சுதான். நேரத்தோட வீட்டுக்கு வாங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருப்பாங்க. காதுலயே விழல. அதனாலதான் ஈரல்னு கேட்டாங்க."

அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு வந்தாள் ரங்காத்தாள். நின்றவள் நின்றவள்தான்.

"ஏனுங்க மேடம், அந்தம்மா பேரு என்னங்க?" என்றாள்.

"பேரே இல்லீங்கம்மா. கதையில யாரும் வைக்கல."

"எப்படீங்க வைப்பாங்க? கதை கட்டுனவங்களும் அந்த மரத்தடியிலயேதான் உக்காந்திருப்பாங்க" என்றாள். பூபாலன் சிரித்துவிட்டான். அவனுக்கு என்ன, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. மனைவி முதலையைக் கோபமாக வரையாதீர்கள், வாசலைப் பார்த்துக் காத்திருப்பதுபோல் வரையுங்கள், கண்ணில் ஏக்கம் தெரிய வேண்டும் என்றார். மச்சான், எங்கள் தொழிலில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன், அதாவது தனி அச்சுச் சட்டம், போட வேண்டும். குரங்குக்குப் பழுப்பு, பழத்துக்கு ஊதா, முதலைக்குப் பச்சை. மனைவி முதலை கட்டியிருந்த சேலைக்காக மட்டும் ஒரு மஞ்சள். இதில் ஏக்கத்துக்கு வேறு எந்தக் கலர் போடுவது? பிரிண்டிங் தெரிந்த எவன் வாயிலும் வருவதுதான் என் வாயிலும் வந்தது. "பேசாம பொண்டாட்டிய எடுத்துருங்க மேடம். ஒரு கலரு மிச்சமுங்க. அவ இல்லீன்னாலும் கதை ஓடுமுங்க" என்றேன். தொழில் முறைப்படி இதில் ஒரு குற்றம் இருந்தால் தாங்களே சொல்லுங்கள்.

ரங்காத்தாள் தட்டை டி.வி. முன்னால் வைத்தாள். "ஓடட்டுமுங்க" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் பார்த்தால் பெருமாநல்லூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள்.

அவள் அங்கே வந்து அப்புசாமியைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அப்புசாமி நல்லவன், கொஞ்சம் வாயாடி, அவ்வளவுதான். அவன் பேக்கரியில் நான் உட்காருவது தொழில் விஷயமாக. நூல் விலை ஏறுமா இறங்குமா என்பது ஊரில் அங்கேதான் முதலில் தெரியும். அவனிடம் நாவல் மரமும் கிடையாது, பழமும் கிடையாது, முட்டை பஃப்ஸ்தான் உண்டு. இதற்குப் போய் என்னை முதலை என்றும் அவனைக் குரங்கு என்றும் முடிவு கட்டுவது எந்த ஊர் நியாயம்? அப்படியே இருந்தாலும், அவள் போனதிலிருந்து அந்தப் பேக்கரிப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கம்பெனி விட்டால் வீடு, வீடு விட்டால் கம்பெனி. இதைத் தாங்கள் அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிக்கவும்.

இனி வருவதைச் சத்தம் போடாமல் தாங்கள் மட்டும் படிக்கவும். வீடு நன்றாக இல்லை, மச்சான். டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை என்று முழுச் சத்தத்தில் வைத்துப் பார்த்தேன், அதுவும் பிடிக்கவில்லை. ரித்தீஷிடம் சொன்னால், இப்போதுதான் நீங்கள் உணர்வைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறீர்கள், அந்த மேடத்திடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டுமா என்கிறான். பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது? எனக்கு மேடம் வேண்டாம், அவள் வந்தால் போதும். மஞ்சள் ஸ்கிரீனைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். மனைவி முதலை நடுவில் பெரிதாக நிற்கிறது, குரங்கை ஓரத்துக்குத் தள்ளியாயிற்று. ஒரு பனியன் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவள் கண்ணில் படும்படி கொடியில் காயப் போடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் பேரன் பேத்திகள் நூறு வயது வாழ என் ஆசிகள். ரங்காத்தாளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தாங்களே பொருத்தமாக ஏதாவது சொல்லி, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்கு மறுசொல் பேசாத,
ஆறுச்சாமி

பி.கு.: சென்னியப்பன் அண்ணனுக்கு அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. குக்கர் ஆவி பட்டு ஆறுச்சாமி வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறான். அவன் சொல்லச் சொல்ல மேலே உள்ளது முழுவதையும் நான்தான் எழுதினேன், என் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து. வாயாடி என்று சொன்னதைக்கூட விடவில்லை. இப்போது அவன் முகம் கழுவப் போயிருப்பதால் அவசரமாக இதைச் சேர்க்கிறேன். தங்கச்சி போன நாளிலிருந்து, முன்பு சாயங்காலம் மட்டும் வந்துகொண்டிருந்தவன் இப்போது காலையிலேயே வந்து, நான் ஷட்டரை இறக்கும்வரை நகர்வதில்லை. அவனைத் தனியாக விட மனசு வராமல் நானும் தினமும் நேரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போகிறேன். தயவுசெய்து தங்கச்சியைச் சீக்கிரம் அனுப்பிவைக்கவும். இன்று காலையில் என் சம்சாரம் ஆறுச்சாமியின் ஈரலைக் கேட்டுவிட்டாள்.